ஒளிச் சிகிச்சை: நம்பிக்கையும் நிதானமும்

புற்றுநோயை ஒளியால் அழிக்கலாம் என்ற செய்தி வெளியாகும் போதெல்லாம், சத்திரசிகிச்சைக்கு அஞ்சி நாட்களைக் கடத்தும் நோயாளரிடத்தே புதிய நம்பிக்கை துளிர்ப்பது இயல்பே. பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்நம்பிக்கைக்கு எந்தளவு இடமுண்டு?

ஒளியுணர் மருந்தொன்றை உடலிற் செலுத்தி, கட்டியின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சும்போது, அங்குள்ள ஒட்சிசன் நச்சுத்தன்மை பெற்றுப் புற்றுக் கலங்களைக் கொல்கின்றது. இத்தகைய மருந்தான போட்டோபிரினுக்கு 1993இல் கனடா சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கென அனுமதி வழங்கியது. 1995இல் அமெரிக்கா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அனுமதித்தது; அதுவும் அடைப்பைத் தணிக்கும் பொருட்டேயாகும். பெருங்குடலிலோ இம்முறை இன்னமும் ஆய்வுநிலையைத் தாண்டவில்லை.

காரணம் எளிது. இவ்வொளி இழையங்களினுள் ஒரு சென்ரிமீற்றருக்கு அப்பால் பயனுறச் செல்வதில்லை. குடற்சுவரைத் துளைத்து நிணநீர்க்கணுக்களை எட்டிவிட்ட நோயை அது என்செய்யும்? மருந்து பெற்றவர் குறைந்தது 30 நாட்கள் வெயிலைத் தவிர்க்கவும் வேண்டும். நம்போன்ற வெப்பவலய நாட்டவருக்கு இது சிறிய விடயமன்று.

எனினும் 2020இல் ஜப்பான், புற்றுக் கலங்களைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரியுடன் ஒளியுணர் சாயத்தைப் பிணைத்த மருந்தைத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. அதே பிறபொருளெதிரி பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏற்கெனவே பயன்படுவதால், ஆய்வாளர்களின் ஆர்வம் ஆதாரமற்றதன்று.

ஆனால் 2022இல் மட்டும் உலகில் ஒன்பது இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட நோய் இது. மலத்தில் இரத்தம் கண்டும் மூலவியாதியென எண்ணி, வெட்கத்தால் மறைப்போர் நம்மிடையே அநேகர். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால், இன்றுள்ள சத்திரசிகிச்சையே பெரும்பாலானோரைக் குணப்படுத்தப் போதுமானது.