வீட்டையே தூக்கிக்கொண்டு லடாக் போகிறவர்களுக்கு

 

1996இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் சிலர் குடும்பத்தோடு லடாக் கிளம்புகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள கேரவன் ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். வழி மணாலி. திட்டத்தை நம் குழுவில் போட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "யார் தயவும் வேண்டாம் சார், காலி இடம் பார்த்து நிறுத்தித் தூங்கிடுவோம்." எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு, "காலி இடம்". நம் சானமாவுக் காட்டுக்கு வருஷா வருஷம் ராகி அறுவடை நேரத்தில் கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் வருகிறது. அதைப் பார்க்க வெளியூர்க் கார்களும் வருகின்றன. ரோட்டோரம் நிறுத்தி, லைட் அடித்து, ஹாரன் அடித்து வீடியோ எடுப்பார்கள். மிரண்ட யானை எங்கே போகும்? பக்கத்து ராகிக் கொல்லைக்குத்தான். படம் எடுத்தவர்கள் விடிவதற்குள் வீடு சேர்ந்துவிடுவார்கள். கொல்லைக்காரர் விடிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அவர்கள் கண்ணுக்கு நம் ஊரும் காலி இடம்தான். அப்போது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! அதே வேலையை இன்னொருவர் ஊரில் நாம் செய்யலாமா?

சாங்தாங் மேட்டுநிலம் காலி இல்லை. சாங்பா மக்கள் பஷ்மினா ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரியும் மேய்ச்சல் நிலம் அது. 2020இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சோ கர் ஏரிக்கரைச் சதுப்பில் கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டுகிறது. 2022இல் பாங்காங் ஏரித் தண்ணீருக்குள்ளேயே காரை ஓட்டி வீடியோ போட்டவர்களை நாடே திட்டியது. அவர்களும் காலி இடம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது தப்பு, "யார் தயவும் வேண்டாம்". கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். உங்கள் திட்டப்படி அன்றிரவே தூங்கப்போகும் சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். நம் தொட்டபெட்டா சிகரமே மொத்தம் 2,637 மீட்டர்தான். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை நாளுக்கு ஐந்நூறு மீட்டர் அளவுக்குத்தான் கூட்ட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. நடுராத்திரி குழந்தைக்கு மூச்சு முட்டினால் கேரவன் கட்டில் காப்பாற்றாது. பக்கத்துக் கூடாரக் கடைக்காரரோ ராணுவ முகாமோதான் கைகொடுக்க வேண்டும். நீங்கள் ஓட்டும் ரோட்டைப் பனி வெட்டித் திறந்து வைப்பதும் எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளிகள்தான். அவர்கள் தயவில்லாமல் ஒரு கிலோமீட்டர் நகர முடியாது.

"எங்கள் கழிவை எங்கள் தொட்டியிலேயே வைத்துக்கொள்கிறோம், அதுதானே சுத்தம்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தொட்டி நிறைந்தால் எங்கே கொட்டுவீர்கள்? தாண்டி பங்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று எழுதி வைத்த பலகை பிரபலம். பெட்ரோலுக்கே அந்தக் கதி என்றால் கழிவுத் தொட்டிக்கு யார் காத்திருப்பார்கள்? அந்தக் குளிரில் கழிவு சீக்கிரம் மக்கவும் செய்யாது. லே பகுதியில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் சொட்டுத் தண்ணீர் இல்லாத உலர் கழிப்பறை கட்டி, கழிவை எருவாக்கினார்கள். படிப்பில்லாதவர்கள் செய்த வேலையா அது?

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். கேரவன் முன்பணம் போனால் போகட்டும். ஸ்ரீநகர் வழியாகப் போய், 2,700 மீட்டர் உயரக் கார்கிலில் ஒரு இரவு தங்கி, லே சேர்ந்ததும் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். உள்ளூர் ஓட்டுநரின் வண்டியில் ஏறுங்கள், உள்ளூர் வீட்டில் காசு கொடுத்துத் தங்குங்கள், அவர்கள் போடும் உப்புத் தேநீரைக் குடியுங்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கும்போது கொஞ்சம் தயவு கேட்டு நிற்பதில் கௌரவம் குறைந்துவிடாது.

வாத்தியார் இன்னும் திட்டுகிறார் என்று நினைத்தாலும் பரவாயில்லை. திரும்பி வந்ததும் உத்தனப்பள்ளிக்கு வாருங்கள். ராகிக் களி கிண்டி வைக்கிறோம்.