எல்எல்.எம். மாணவருக்குத் தேவை நூலகச் சுற்றுலா அல்ல

அமெரிக்காவில் எல்எல்.எம். படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களைத் "தயார்படுத்துகிறோம்" என்ற பெயரில் பல சட்டக் கல்லூரிகளில் நடப்பது ஒரு சடங்கு. ஆகஸ்டில் வந்து இறங்குகிறார்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, விசா விதிகள் பற்றி ஒரு உரை, நூலகத்தைச் சுற்றிக் காட்டுதல், சாயங்காலம் பீட்சா. இடையில் அமெரிக்கச் சட்ட அமைப்பு பற்றிச் சில நாள் அறிமுகம். அவ்வளவுதான்! அடுத்த வாரம் ஜே.டி. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும்.

அந்த ஜே.டி. மாணவர்கள் சும்மா அங்கே வந்து உட்காரவில்லை. ஒப்பந்தம், தீங்கியல், சொத்துரிமை, உரிமையியல் நடைமுறை என்று முதலாண்டு முழுக்க அடி வாங்கிவிட்டு வந்தவர்கள். பாடங்களைவிட முக்கியம், ஒரு தீர்ப்பை எப்படிப் படிப்பது என்பதை அந்த ஆண்டில்தான் கற்கிறார்கள். 1870-ல் ஹார்வர்டில் டீனாக வந்த லாங்டெல் ஆரம்பித்துவைத்த முறை இது. விளக்கவுரை கிடையாது, தீர்ப்பைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்டே சட்டத்தை வெளியே எடுக்கவைப்பது. இந்த ஓராண்டுப் பயிற்சியை வெளிநாட்டு மாணவர் ஒரு வாரத்தில் எப்படி எட்டிப் பிடிப்பார்? யாரும் கேட்பதில்லை.

கேட்டால் வரும் பதில், "ஆங்கில வகுப்பு வைத்திருக்கிறோமே!" நோயே வேறு. இந்தியாவிலிருந்து போகிற ஒருவர் ஐந்து வருடமும் ஆங்கிலத்திலேயே சட்டம் படித்தவராக இருப்பார். ஐ.ஈ.எல்.டி.எஸ்-ல் 8 வாங்கியிருப்பார். அவரும்தான் திணறுகிறார். ஆனால் கேசவானந்த பாரதி தீர்ப்பை (1973, எழுநூறு பக்கத்துக்கு மேல்) முழுசாகப் படித்துத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? கைடில் இருக்கும் ஒன்றரைப் பக்கச் சுருக்கம் போதும் என்றுதான் நம் தேர்வுகள் பழக்கியிருக்கின்றன. "விளக்குக" என்றால் விளக்கத் தெரியும். நான்கு பக்கத்துக்கு ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கொடுத்து, இதில் என்னென்ன சட்டப் பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன என்று கேட்டால் கை நடுங்கும்.

இன்னொரு வழுக்கல், "நாமும் காமன் லா நாடுதானே" என்ற தெம்பு. இந்தியாவில் கீழிருந்து மேல்வரை ஒரே நீதிமன்ற ஏணி, உச்சியில் உச்ச நீதிமன்றம். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் ஒரு வரிசை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வரிசை. 1938-ல் வந்த ஈரி ரெயில்ரோட் எதிர் டாம்ப்கின்ஸ் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு மாநிலத்தவர் மோதும் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனாலும், அது மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும், கூட்டாட்சிக்கென்று பொதுவான காமன் லா எதுவும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். இது பிடிபடாமல் அமெரிக்கத் தீர்ப்புகளைப் புரட்டுவது, எந்த ஊர் பஸ் என்று பார்க்காமல் ஏறுவது மாதிரி. ஜே.டி. மாணவருக்கு முதலாண்டிலேயே மண்டையில் ஏறிய விஷயம். எல்எல்.எம். அறிமுக வாரத்தில் இதற்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

எல்லாருக்கும் ஒரே மருந்தும் ஆகாது. ஜெர்மன் மாணவர் கேள்வி, விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்ற வரிசையில் எழுத முதலாண்டிலிருந்தே பழகியவர். அமெரிக்கத் தேர்வு கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். பிரெஞ்சு மாணவரோ எதையும் இரண்டு பகுதி, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு உட்பகுதி என்று அழகாகக் கட்டி எழுதுவார். அதைப் படிக்கும் அமெரிக்கப் பேராசிரியர் முடிவு எங்கே என்று தேடுவார். இவர்கள் இருவரையும் இந்திய மாணவரையும் ஒரே அறையில் போட்டு மேற்கோள் விதிகளை நடத்துவதற்குப் பெயர் தயாரிப்பா?

"வருகிறவர்கள் வழக்கறிஞர்கள், குழந்தைகள் அல்ல, ஊட்டிவிட முடியாது" என்று ஒரு வாதம் உண்டு. ஊட்டிவிட யாரும் கேட்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் காமன் லா பின்னணி உள்ளவர்களுக்கு பி.சி.எல்., சிவில் லா பின்னணிக்கு எம்.ஜூர். என்று பட்டத்தையே பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்கிருந்து வருகிறார் என்பது முக்கியம் என்று ஒப்புக்கொள்வதில் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடவில்லை. ஜார்ஜ்டவுன் போன்ற சில இடங்களில் கோடையிலேயே அமெரிக்கச் சட்ட அடிப்படைகளை நடத்துகிறார்கள். முடியாத காரியம் இல்லை.

பிறகு ஏன் மற்றவர்கள் செய்வதில்லை? கேட்க ஆள் இல்லை, அதுதான் காரணம். அமெரிக்க பார் அசோசியேஷன் அங்கீகரிப்பது ஜே.டி. பட்டத்தை மட்டும்தான். எல்எல்.எம். விஷயத்தில் அது பார்ப்பதெல்லாம், இதனால் ஜே.டி. படிப்புக்குக் கெடுதல் வருமா என்று மட்டுமே. எல்எல்.எம். மாணவர் என்ன கற்றார் என்பது அதன் கவலை இல்லை. முன்னணிக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டும் 70,000 டாலரைத் தாண்டுகிறது. கட்டணம் முழுசு, மேற்பார்வை பூஜ்யம்.

இந்த அலட்சியத்தின் விலை பிறகு தெரியும். நியூயார்க் பார் தேர்வை எழுத சிவில் லா நாட்டுப் பட்டதாரிகள் பெரும்பாலோருக்கு 24 கிரெடிட் எல்எல்.எம். வேண்டும். அதில் தொழில் நெறி 2, சட்ட ஆராய்ச்சியும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகம் 2, தேர்வுப் பாடங்கள் 6. ஜே.டி.க்குக் குறைந்தபட்சம் 83 கிரெடிட். எழுதுவதோ இருவரும் ஒரே தேர்வு. வெளிநாட்டில் படித்தவர்களின் தேர்ச்சி விகிதம் வருடா வருடம் வெகுவாகப் பின்தங்கியிருப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

விசா கணக்கையும் போட்டுப் பாருங்கள். மே மாதம் படிப்பு முடிகிறது. ஓ.பி.டி. என்கிற ஓராண்டு வேலை அனுமதி அதிகபட்சம் 60 நாளுக்குள் தொடங்கியாக வேண்டும். தொடங்கியபின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. பார் தேர்வு ஜூலைக் கடைசியில், முடிவு அக்டோபர் வாக்கில். தேர்வு முடிவு வரும் முன்பே 90 நாளும் கரைந்துகொண்டிருக்கும். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவருக்கு இதை முதல் நாளே சொல்ல வேண்டாமா?

இந்தப் பக்கம் நம்மூர் கன்சல்டன்சிகள். விண்ணப்பக் கட்டுரையைச் செதுக்குவார்கள், சிபாரிசுக் கடிதத்துக்கு மாதிரி கொடுப்பார்கள், அட்மிஷன் வந்ததும் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். ஒரு முழுத் தீர்ப்பையாவது மாணவரோடு உட்கார்ந்து படித்த கன்சல்டன்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். சட்ட எழுத்து வகுப்பு எத்தனை வாரம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், எழுதியதைத் திருத்தித் தருவது யார், கடந்த மூன்று வருடங்களில் உங்கள் எல்எல்.எம். பட்டதாரிகளில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே பார் தேர்வில் தேறினார்கள்? கடைசிக் கேள்விக்கு எண்ணுக்குப் பதில் வண்ண பிரசுரம் வந்தால், அந்தக் காசை வேறு கல்லூரிக்குக் கட்டலாம்.