துட்டு என்றால் கேவலமா?

"ஏலே, துட்டு இருக்கா?" என்று கேட்டால் சிலர் சிரிக்கிறார்கள். "பணம்னு சொல்லு, துட்டுங்கிறது பட்டிக்காட்டுப் பேச்சு" என்கிறார்கள். உண்மையில் அது கப்பலேறி வந்த சொல்!

ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். முத்தும் துணியும்தான் அவர்கள் குறி. அவர்களுடைய சின்னச் செம்புக்காசுக்கு 'டொய்ட்' என்று பெயர். அதுவே நம் வாயில் 'துட்டு' ஆனது என்கிறார்கள் மொழி அறிஞர்கள். நாம் சொல்லக் கூசுகிற 'கக்கூஸ்' கூட டச்சுச் சொல்தான்!

1825-ல் தூத்துக்குடி நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. டச்சுக்காரரும் போனார்கள், அவர்கள் காசும் செல்லாமல் போனது. சொல் மட்டும் ஆய்க்குடி பெட்டிக்கடை வரை வந்து தங்கிவிட்டது.

"கேஷ் இருக்கா?" என்று கேட்டால் மட்டும் யாரும் சிரிப்பதில்லையே, ஏன்? அதுவும் வெளிநாட்டுச் சொல்தானே! ஆங்கிலத்துக்கு ஒரு மரியாதை, நம் தாத்தா பாட்டி பேச்சுக்கு ஒரு கேலியா?

பரீட்சையில் 'பணம்' என்றே எழுதுவோம். ஆனால் 'துட்டு' என்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்குள் நம் கடற்கரையின் வரலாறே இருக்கிறது. சிந்திப்போமா?

– பத்தாம் வகுப்பு மாணவன்