உப்பை வெல்லும் புரதம்

செங்கல்பட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லை நெடுகிலும் கடல். முத்துக்காட்டு உப்பங்கழி, கோவளத்து உப்பளங்கள், மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் தெற்கே பாலாற்று முகத்துவாரம் என எங்கும் உப்பின் ஆட்சியே. உவர்நீர் ஏறிய வயலில் நெல் கருகும் என்பதைக் கடலோர உழவர்கள் நன்கறிவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகம் இதைக் கண்கூடாகக் கண்டது.

நெல் கருகுவது ஏன்? உப்பு மிகுந்தால் பயிர், நீரிழப்பைத் தவிர்க்க இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது, வெயிலோ குறைவதில்லை. உலை வைக்காத அடுப்பை எரியவிட்டதுபோல, செலவழிய வழியற்ற ஆற்றல் பிராணவாயுவைத் தாக்கி, 'சூப்பர் ஆக்சைடு' என்னும் நச்சாக மாற்றுகிறது. இதுவும் இதிலிருந்து தோன்றும் பிற நச்சுகளும் உயிரணுவின் சவ்வையும் புரதங்களையும் அரித்துவிடுகின்றன.

ஆனால் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் கடல்நீரிலேயே செழித்து நிற்கிறது. மிகுதி உப்பை இலைவழியே வெளியேற்றுவதோடு, நச்சை முறிக்கும் புரதமும் அதனிடம் உண்டு. அதன் பெயர் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். தாமிரமும் துத்தநாகமும் பொதிந்த இந்நொதி, சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதை 'கேட்டலேஸ்' என்னும் மற்றொரு நொதி நீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடுகிறது. புண்ணைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பது இதே கேட்டலேஸின் வேலையால்தான்.

சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், மறைந்த அறிவியலார் அஜய் பரிதாவும் அவர் குழுவினரும் வெண்கண்டலின் அந்த மரபணுவை எடுத்து, 'பூசா பாஸ்மதி–1' நெல்லில் சேர்த்தனர். லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக் கலந்த நீரில் எட்டு நாட்கள் வைத்தபோது சாதாரண நாற்று வாடியது. மரபணு பெற்ற நாற்று தாங்கி நின்றது. 2008-இல் வெளியான இம்முடிவு ஆய்வுக்கூடத்து வெற்றியே. அந்நெல் இன்னும் உழவர் கைக்கு வரவில்லை.

இதே வகைப் புரதம் நம் உயிரணுக்களிலும் உள்ளது. அதன் பணியை 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தனர். அப்படியாயின் அதை மாத்திரையாக விழுங்கலாமே என்று கேட்கலாம். பிற புரதங்களைப் போல அதுவும் வயிற்றில் செரித்துப்போகும். வேறு ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளிலும் எச்சரிக்கை தேவை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் உண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியே இருந்தது.

ஆகவே, 'இளமை காக்கும்' என்னும் விளம்பரத்தை நம்பி, மருத்துவர் சொல்லாத மாத்திரைக்குப் பணத்தை இறைக்க வேண்டாம். இப்புரதத்துக்கு வேண்டிய தாமிரமும் துத்தநாகமும் பருப்பு, எள், கொட்டைகள், மீன், இறைச்சி ஆகியவற்றில் கிடைக்கின்றன. புகையிலையை வீட்டுக்குள் விடாதிருப்பதும் உயிரணுக்களுக்கு நாம் செய்யும் பேருதவியாகும்.