மூன்று கிருத்திகை

கார்த்திகை தீபத்துக்கு அகல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது டொராண்டோவிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். வெளியே பனி கொட்டுகிறதாம். அடுத்த வருஷத் தோட்டத்துக்கு விதைப் பட்டியல் போடுகிறாளாம்.

"அக்கா, உங்க ஊர்ல கடைசி உறைபனி என்னைக்கு?"

சிரித்துவிட்டேன். திருத்தணியில் பனி என்றால் மார்கழிக் கோலத்தை ஈரமாக்குவதுதான். புல் மேல் வெள்ளை விரித்து உருளைக்கிழங்குச் செடியையும் தேயிலைக் கொழுந்தையும் கருக்கும் பனியைப் பார்க்க ஊட்டி, தலைகுந்தா பக்கம் போக வேண்டும். எங்கள் ஊர் பெயர் செய்தியில் வருவது வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலில்தான்.

அவள் விடவில்லை. வசந்தத்தின் கடைசி உறைபனிக்கும் இலையுதிர்காலத்தின் முதல் உறைபனிக்கும் நடுவே கிடைக்கும் நாட்கள்தான் அவளுக்குத் தோட்டம். மே மாத விக்டோரியா தின விடுமுறைக்கு முன்னால் அங்கே தக்காளி நாற்றை வெளியே நடத் தயங்குவார்கள். அதிலிருந்து ஆறு, எட்டு வாரம் பின்னோக்கி எண்ணி, வீட்டுக்குள் ஜன்னலோரம் விதை போடுவார்கள்.

பின்னோக்கி எண்ணுவது! எங்கள் முருகனின் மலைக் கோயிலின் 365 படிகளையும் ஏறும்போது எண்ணித்தான் பழக்கம். இறங்கும்போது எண்ணத் தோன்றியதே இல்லை.

இரண்டு வருஷம் முன்பு மாசியில் தக்காளி நாற்று வாங்கி மொட்டை மாடியில் பைகளில் நட்டேன். பங்குனியில் செடி முழுக்கப் பூ. தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். பத்தே நாளில் பூக்காம்பின் கணுவில் மஞ்சள் தட்டியது. விரல் பட்டாலே உதிர்ந்தது. மீன் அமிலம் தெளித்தேன், இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். ஒரு பிஞ்சு நிற்கவில்லை. பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் சோர்ந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு எந்தப் பாட்டிலிலும் மருந்து இல்லை.

ஆக, அவளுக்குக் குளிர் என்றால் எனக்கு வெயில். பங்குனி பிறப்பதற்குள் பூ பிஞ்சாகிவிட வேண்டும். பூவிலிருந்து பழத்துக்கு ஒன்றரை மாதம், சித்திரைக்குள் பறித்துவிடலாம். நட்ட செடி பூக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், நாற்று வளர இன்னொரு மாதம். பூத்துப் பிஞ்சாகும் நாட்களையும் சேர்த்து எண்ணிக்கொண்டே இறங்கினால் கால் வந்து நிற்கும் படி கார்த்திகை.

பஞ்சாங்கத்தைப் புரட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் தொடங்கி, கிருத்திகை முழுவதையும் கடந்து, ரோகிணி முதல் பாதத்தை முடிக்கும் நாட்கள்தான் அக்னி நட்சத்திரம். ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. நடுவில் இருப்பது எங்கள் மலைக்காரனின் நட்சத்திரம்! கார்த்திகையில் முழுநிலா அதனருகே நிற்கும்போது தீபம். அப்போது தக்காளி விதை. சூரியன் அதில் நுழையும்போது கத்திரி வெயில், தோட்டத்துக்கு ஓய்வு. ஆடியில் நிலா மறுபடி அங்கே வரும்போது ஆடிக் கிருத்திகை. படியெல்லாம் புஷ்பக் காவடி, சாயங்காலம் இடிமழை. அதுவே ஆடிப் பட்டம்: வெண்டை, கத்தரி, அவரை, புடலை.

காவடிக்குப் பூக்கட்டும் அம்மாவிடம் இந்தக் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். நாரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது தெரியாமலா இத்தனை நாள் செடி வெச்சே?" என்றார்.

தீபத்தன்று மாலை, விளக்கேற்றுவதற்கு முன், குழித்தட்டில் விதை போட்டாயிற்று. மழைக்கு மேலே ஒரு ஷீட். சித்தி மகளுக்கும் பதில் அனுப்பிவிட்டேன்: "எங்க கடைசி நாள் பங்குனி ஒண்ணு."

மே மாதம் அவள் நாற்றுகளை வெளியே கொண்டுவரும்போது, நான் காய்த்து ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி, பை மண்ணை மாடியில் கொட்டி வெயிலில் காயவைத்துக்கொண்டிருப்பேன்.