சார்ஜ் தீர்ந்தாலும் கதவு திறக்கும்

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2022-இல் வந்த மேஜிக்பேண்ட் பிளஸ் என்ற கைப்பட்டை, இரவு வாணவேடிக்கையோடு சேர்ந்து மணிக்கட்டில் ஒளிரும், அதிரும். அந்த நேரம் பார்த்து அணைந்துபோனால் குழந்தையின் முகம் வாடிவிடும். ஆனாலும் பதற வேண்டாம். பூங்கா நுழைவாயிலும் விடுதி அறைக்கதவும் பட்டைக்குள் இருக்கும் ஆர்எஃப்ஐடி சில்லால்தான் திறக்கின்றன. அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கதவிலுள்ள கருவியே தந்துவிடும். 2013-இல் வந்த பழைய பட்டைக்கு சார்ஜ் போடும் வேலையே இல்லை. என்னைக் கேட்டால், விடுமுறையில் அந்த நிம்மதிதான் பெரிது. புதியதை வாங்கியவர்கள் படுக்கும் முன் பட்டையின் அடியில் வியர்வை படிந்த உலோக முனைகளைத் துடைத்து சார்ஜில் போடுங்கள். வயர் பெட்டியிலேயே இருக்கும். அடாப்டரை மட்டும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.