துருவேறிய பிரேக்கும் சங்கத்து வண்டியும்

சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு பழைய பிக்கப் வண்டி இல்லாமல் இன்று நம் சங்கங்களின் காரியங்கள் நடவா. நூல் கட்டுகளைத் தறிக்காரர் வீட்டில் இறக்குவதும், மணிலா மூட்டைகளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சேர்ப்பதும் அதுவே. புது வண்டி வாங்கும் வசதி எல்லாச் சங்கங்களுக்கும் இல்லை. ஆகவே பழைய வண்டியை வைத்துக்கொள்வதை நாம் குறை கூறவில்லை. எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நாளுக்காக மட்டும் பிரேக்கை ஒப்பேற்றிவிட்டு, மற்ற நாட்களில் அதனை மறந்துவிடும் வழக்கத்தைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

துருத் தொல்லை கடற்கரை ஊர்களுக்கு அல்லவா, வேங்கிக்காலுக்கு ஏது என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நம் வண்டிகள் ஏரி வண்டலிலும் நெல்வயல் சேற்றிலும் இறங்கி ஏறுகின்றன. அந்தச் சேறு சக்கரத்தின் உட்புறம் அப்பிக்கொண்டு நாட்கணக்கில் ஈரம் காக்கிறது. உர மூட்டை கிழிந்து சிந்துவதும் உண்டு. பொட்டாஷ் உரம் பெரும்பாலும் குளோரைடு உப்பே. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. அறுவடை முடிந்தபின் வண்டி வாரக்கணக்கில் நின்றுவிட்டால், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது. ஹேண்ட் பிரேக் கம்பி இறுகிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத துரு இன்னும் கொடியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதியதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது அளவு. நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்தாலே அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அந்த நீரே வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைப்பாதையில் போளூர் நோக்கி இறங்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்து டிரம் கொதிக்கிறது, ஆயில் ஆவியாகிறது, பெடல் பஞ்சுபோல் அடிவரை இறங்குகிறது. சுமையின்மேல் ஆட்களும் அமர்ந்திருப்பார்கள். அது சட்டவிரோதம் என்பதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பழுதுபார்ப்பதிலும் சிக்கனம் என்ற பெயரால் தவறுகள் நடக்கின்றன. டிரம்மின் வெளித்துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து நீக்கலாம். உட்பக்கம் வரிவிழுந்திருந்தால், அதன்மேல் பொறித்த எல்லை அளவுக்குள் கடைசல் பட்டறையில் கடையலாம். எல்லை மீறிய டிரம்மும், உட்சுவரில் குழிவிழுந்த வீல் சிலிண்டரும் இரும்புக் கடைக்கே உரியவை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழி மறையாது, புது ரப்பர் கப்தான் கிழியும். துருவேறிய பிரேக் குழாயை இடையில் வெட்டி ரப்பர் ஹோஸ் செருகுவதும், செம்புக் குழாய் பற்றவைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். முறையாக வாய் விரித்த எஃகுக் குழாயே வேண்டும். சிலிண்டரின் உட்பாகங்களை டீசலில் கழுவினால் ரப்பர் ஊதிக் கெடும். ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கக்கூடும். அதை வாயால் ஊதும் பையன்களைத் தடுக்க வேண்டியது பட்டறைக்காரர் பொறுப்பு மட்டுமன்று.

அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். பழைய பிக்கப் வண்டிகளின் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து ஒழுகிய முறையீடுகளை அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்து, 2015 ஏப்ரலில் விசாரணையை முடித்தது. வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடவில்லை. அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள், குழாய்களைப் பரிசோதியுங்கள் என்று உரிமையாளர்களுக்கே அறிவுறுத்தியது. செல்வம் மிக்க நாட்டிலும் பொறுப்பு கடைசியில் வண்டிக்காரர் தலையில்தான் வந்து விழுகிறது.

நம் சங்கங்களில் வண்டியின் உரிமையாளர் யார்? எல்லோரும் என்பதால் எவருமில்லை என்ற நிலை வந்துவிடலாகாது. வண்டி வாடகை வரவில் ஒரு பங்கைப் பிரேக்குக்கென்றே தனிக் கணக்கில் ஒதுக்க, வரும் மகாசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னர் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்து, ஆயிலைப் புதிதாக மாற்றி, காற்றெடுத்து, செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதி வைப்பது நலம். கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் நடந்துவரும் கூட்டத்தினூடே நம் வண்டிகள் போக வேண்டியிருப்பதை நிர்வாகக் குழுவினர் நினைவிற்கொள்க. பெடல் இறங்குகிறது என்று ஓட்டுநர் சொன்னால், செயலாளரின் அனுமதிக்குக் காத்திராமல் வண்டியை நிறுத்திவிடும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். அவ்வாறு நிறுத்திய நாளுக்கும் அவருடைய படி குறைக்கப்படலாகாது.